புத்தூரில் எவடம்?

புத்தூர்
2 பெப்ரவரி 2025

நிமலினி,

நீ என்னுடைய ஊரை மாற்றினாய்.

வல்லைப் பாலத்துக்குக் கீழே, எங்கள் சுற்றுலா வள்ளத்தின் பாய்மரத்தைச் சரித்து வைத்திருந்த நேரம், உன் மாமி என்னிடம் கேட்ட கேள்விக்கு நான் வாய் திறக்க முதல் நீ பதில் சொன்னாய். வடலியடியில் பிறந்து வளர்ந்த என்னைத் தூக்கி மடத்தடியில் கொண்டுபோய் வைத்தாய். இது நடந்த விஷயம். இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

வட்ஸ்அப்பில் எழுதினால் இரண்டு கூப்பிய கைகளைப் போட்டுவிட்டு நீ போய்விடுவாய். அதனால்தான் மின்னஞ்சல். கம்பஸ் விடுதியில் நாலு வருடம் ஒரே அறையில் என்னோடு இருந்தவள் நீ. நான் நீட்டாக எழுதினாலும் வாசிக்க உனக்குப் பொறுமை இருக்கும்.

றொபின் முகப்புத்தகத்தில் போட்ட படங்களை நேற்றுத்தான் பார்த்தேன். நல்ல படங்கள். பாய் வெள்ளையாக, தண்ணீர் அசையாமல், கரையில் பூநாரைகள். "நான்கு நாட்கள், பாயும் காற்றும் மட்டும்" என்று உன் கணவர் எழுதியிருக்கிறார். ஒரு படத்தில் நான் அடுப்புக்கு முன்னால் குந்தியிருக்கிறேன். அதன் கீழே உன் மாமி எழுதியிருக்கிறார்: "எங்கள் தர்சினி. புத்தூர் மடத்தடிப் பிள்ளை. கைப்பக்குவம் சொல்லி வேலையில்லை." அதற்கு நிறையப் பேர் இதயம் போட்டிருக்கிறார்கள். அதில் ஒன்று உன்னுடையது.

அதுவரை நான் இதை விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். உன் இதயத்தைப் பார்த்த பிறகு விட முடியவில்லை.

அன்று நடந்ததை எழுதிவைக்கிறேன். பிறகு நீ வேறு மாதிரி நினைவு வைத்திருக்கக் கூடாது. தொண்டைமானாற்றில் புறப்பட்ட முதல் நாள். வாடைக்காற்று பக்கவாட்டில் பிடித்தது. மோட்டரைத் தொடவே தேவைப்படவில்லை. பாலத்தடிக்கு வந்ததும், பாய்மரம் இடிக்கும் என்று எங்கள் அண்ணை பிரவீணன் அதைச் சரித்துப் படுக்கவைத்தார். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு இருந்தோம். மேலே பருத்தித்துறை பஸ் போனது. நான் பின்னுக்கு, காஸ் அடுப்பில் சோறு வடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்காலைதானே புத்தூர்?" என்று உன் மாமி கையைக் காட்டினார்.

"ஓம் ரீச்சர்."

"பிள்ளை புத்தூரிலை எவடம்?"

நான் அகப்பையோடு நிமிர்ந்தேன். அதற்குள் நீ சொல்லிவிட்டாய்: "மடத்தடி, மாமி. பெரிய வாத்தியார் வீட்டுக்குப் பக்கத்திலை."

"ஆ, மடத்தடியோ! நல்ல சனம். என்ரை அம்மாவின்ரை ஒண்டவிட்ட தங்கச்சி அங்கைதான் கலியாணம் செய்தவ." பிறகு சிரித்துக்கொண்டு, "நாங்கள் சபைக்காறர், உதெல்லாம் பாக்கிறேல்லை. சும்மா தெரிஞ்சு வைக்கத்தான் கேட்டனான்" என்றார்.

பாலத்தைத் தாண்டி வெயிலுக்கு வந்ததும், "பிள்ளை, ஒரு தேத்தண்ணி தாவன்" என்று என்னிடம் கை நீட்டினார். காலையிலிருந்து அவர் தொட்டது தன்னுடைய போத்தல் தண்ணீரையும் தான் கொண்டுவந்த பிஸ்கற்றையும் மட்டும்தான். நீ கவனித்திருப்பாய். நான் கவனித்தேன்.

அண்ணை அவ்வளவு நேரமும் பாய் பிடித்தார், வள்ளம் ஓட்டினார், உன் மாமியைக் கையில் பிடித்து ஏற்றினார். அவரை யாரும் எவடம் என்று கேட்கவில்லை. சமைக்கிறவளைத்தான் கேட்பார்கள்.

ஏன் அப்படிச் சொன்னாய்?

தர்சினி


பேர்கன்
9 பெப்ரவரி 2025

என் அன்புத் தர்சினி,

உன் கடிதம் கண்டு முதலில் சந்தோஷப்பட்டேன், பிறகு அழுதேன். இங்கே நோர்வேயில் ஒரு கிழமையாக மழை. யன்னலுக்கு வெளியே மலை இருக்கிறதா என்றே தெரியவில்லை. மகள் அபிகாயில் காலையில் எழும்பினால் "வள்ளம், வள்ளம்" என்கிறாள். இரண்டு வயதில் அவளுக்கு நினைவில் நிற்கும் முதல் விஷயம் உங்களுடைய வள்ளமாகத்தான் இருக்கும். குளிக்கும் தொட்டிக்குள் இருந்துகொண்டு தலையைக் குனிகிறாள். ஏன் என்று யோசித்தேன். பாலத்துக்குக் கீழே போகிறாளாம்.

எனக்கு அந்த நாலு நாளும் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. கலியாணம் முடித்த பிறகு நான் ஒரு வேலையும் செய்யாமல் இருந்தது அப்போதுதான். இரண்டாம் நாள் கப்பூதுப் பக்கம், காற்று விழுந்து பாய் தொங்கிப்போய், வள்ளம் தன்பாட்டில் மிதந்ததே, அந்த மத்தியானத்தைத்தான் இப்போதும் கண்ணை மூடினால் காண்கிறேன். யாருக்கும் அவசரமில்லை. றொபின் வாயைத் திறந்துகொண்டு நித்திரை. அண்ணை கால் விரலால் சுக்கான் பிடித்துக்கொண்டு தோடம்பழம் உரித்தார். அன்று பின்னேரம் கரையில் நீ கூழ் காய்ச்சினாய். எல்லோரும் சுற்றியிருந்து ஓலைப் பிளாவில் ஊற்றிக் குடித்தோம். மாமி மூன்றாம் தரம் பிளாவை நீட்டினார். பிறகு கீர்த்தனை பாடினார், நீயும் கூடப் பாடினாய், விடுதியில் என்னிடம் பழகிய பாட்டு. அந்த நேரத்தில் எங்களுக்குள் என்ன வித்தியாசம் இருந்தது, சொல்?

அதற்காகத்தான் அப்படிச் சொன்னேன், தர்சினி. உனக்காகத்தான். மாமி கெட்டவர் இல்லை. முப்பது வருடம் எல்லாப் பிள்ளைகளுக்கும் படிப்பித்தவர். ஆனால் அவர் அந்தக் காலத்து ஆள். நாலு நாளும் அவர் பிஸ்கற்றோடு இருந்திருந்தால் உன் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது? உன்னை ஒரு சங்கடத்திலிருந்து காப்பாற்றத்தான் சொன்னேன். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன், யோசிக்கவில்லை.

இன்னொன்று. நீயும் ஒன்றும் சொல்லவில்லையே. அகப்பையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாய். உனக்கும் அது சரி என்றுதான் நான் நினைத்தேன்.

கோபிக்காதே. அண்ணைக்கு என் அன்பு.

உன் நிமலினி


புத்தூர்
11 பெப்ரவரி 2025

நிமலினி,

ஓம், சும்மா நின்றேன். வள்ளத்தில் இருக்கும்போது கோபம் வந்தால் எழும்பிப் போக இடமில்லை. நான் "இல்லை ரீச்சர், வடலியடி" என்று சொல்லியிருந்தால் பிறகு மூன்றரை நாள் எல்லோரும் அந்த மரப்பலகைக்குள்தான் இருக்க வேண்டும். நான் யோசித்தேன். நான் யோசித்த அந்த நேரத்துக்குள் உன் மாமி மடத்தடியில் தன் உறவுக்காரரை எண்ணத் தொடங்கிவிட்டார்.

ஆனால் நீ யோசிக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். அது பொய். "பெரிய வாத்தியார் வீட்டுக்குப் பக்கத்திலை" என்று சொல்ல யோசிக்க வேண்டும். வாயில் வந்ததற்கு வீட்டு அடையாளம் இருக்காது.

கம்பஸ் படிக்கும்போது நீ எங்கள் வீட்டில் இரண்டு தைப்பொங்கலுக்கு நின்றிருக்கிறாய். அம்மாவின் பாயில் படுத்திருக்கிறாய். வடலியடி ஒழுங்கை எங்கே திரும்புகிறது, எந்த வீட்டு நாய் கடிக்கும் என்று உனக்குத் தெரியும். அதனால்தான் அதை இவ்வளவு சரியாக மறைக்கவும் உனக்குத் தெரிந்தது.

சங்கடத்திலிருந்து காப்பாற்றினேன் என்கிறாய். எனக்குச் சங்கடம் புதிதில்லை. பட்டம் முடித்து, வேலை கேட்டு, அரசாங்கக் கச்சேரிக்கு முன்னால் வெயிலில் இருந்தவள் நான். பிறகுதான் அண்ணையோடு சேர்ந்து இந்த வள்ளத்துக்குப் பாய் தைத்தேன். சங்கடத்தை எனக்கு நானே சமாளிப்பேன். நீ காப்பாற்றியது உன்னுடைய விடுமுறையை. அதில் பிழையில்லை, அது உனக்குத் தேவைதான். அதை எனக்குச் செய்த உதவியாக்கி எழுதாதே.

அண்ணை இதைச் சிரிப்பாகத்தான் எடுத்தார். "மடத்தடியிலை எங்களுக்குக் காணி கீணி ஏதும் எழுதினவையோ எண்டு கேள். எழுதினால் நாளைக்கே குடிபோவம்" என்கிறார்.

உன் மாமிக்கு ஒரு வரி சொல். தர்சினி வடலியடி, நான் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று. அவ்வளவுதான் கேட்கிறேன்.

தர்சினி


பேர்கன்
26 பெப்ரவரி 2025

அன்புத் தர்சினி,

பதில் எழுதப் பிந்திவிட்டது. மகளுக்குக் காய்ச்சல், பிறகு எனக்கு, பிறகு றொபினுக்கு. வீடு முழுக்க வேர்க்கொம்புக் கசாய மணம்.

சொல்லத்தான் நினைத்தேன். ஒவ்வொரு ஞாயிறும் மாமி வீடியோவில் வருவார், பின்னால் நாலு பேர் இருப்பார்கள். எந்த நேரம் சொல்வது?

இப்போது ஒரு சிக்கல். லண்டனிலிருந்து றொபினின் அக்கா நிரோஜினி குடும்பத்தோடு உயிர்த்த ஞாயிறுக்கு வருகிறார். மாமியின் அரியாலை வீட்டில் பெரிய சாப்பாடு. மாமி உன்னைத்தான் சமைக்கக் கேட்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். "அந்தப் பிள்ளையின்ரை கூழை நிரோஜினி ஒருக்கால் குடிக்க வேணும்" என்கிறார். போனில் கேட்டால் மரியாதையில்லையாம். மடத்தடிக்கு நேரே வந்து, உன் அம்மாவையும் கண்டு கேட்கப்போகிறாராம். நான் எவ்வளவோ மறித்துப் பார்த்தேன்.

உன்னிடம் ஒரு உதவி. அவர் போன் எடுத்தால், கொழும்பில் ஒரு பயிற்சிக்கு வந்து நிற்கிறேன், வர ஒரு மாதமாகும் என்று சொல்லிவிடு. அல்லது நீயே அரியாலைக்கு ஒரு நடை போய் அவரைக் கண்டுவிட்டால், அவர் வரத் தேவையில்லை. அதற்குள் நான் ஆறுதலாக, பக்குவமாகச் சொல்லிவிடுவேன். அவருக்கு இரத்த அழுத்தமும் இருக்கிறது.

எங்கள் பழைய நாட்களுக்காகக் கேட்கிறேன்.

நிமலினி


புத்தூர்
27 பெப்ரவரி 2025

நிமலினி,

நான் கொழும்பில் இல்லை. புத்தூரில் இருக்கிறேன். முதலில் மடத்தடிக்கு அனுப்பினாய், இப்போது கொழும்புக்கு அனுப்புகிறாய். வடலியடியில் மட்டும் இருக்கவிடுகிறாய் இல்லை.

உன் மாமி வரட்டும். எங்கள் படலை திறந்துதான் இருக்கும். உண்மையைச் சொன்னால், அவர் வருவது எனக்குச் சந்தோஷம். நேரே வந்து கேட்க வேண்டும் என்று நினைத்தாரே, அது நல்ல குணம். அவர் ஓட்டோவில் ஏற முதல் நீ சொல்லிவிடு.

தர்சினி


பேர்கன்
3 மார்ச் 2025

தர்சினி,

வரும் ஞாயிறு கட்டாயம் சொல்கிறேன். மாமி இந்தக் கிழமை எங்கும் போகமாட்டார், சபையில் மாதர் கூட்டம் இருக்கிறது. நீ நிம்மதியாக இரு.

நிமலினி


புத்தூர்
9 மார்ச் 2025

நிமலினி,

இன்று ஞாயிறு. நீ சொல்லத் தேவையில்லை. உன் மாமி வியாழக்கிழமையே வந்துவிட்டார்.

முதலில் மடத்தடிக்குத்தான் போயிருக்கிறார். பெரிய வாத்தியார் வீட்டுப் படலையில் நின்று, வள்ளம் ஓட்டுகிற பிரவீணனின் தங்கச்சி தர்சினி வீடு எது என்று கேட்டிருக்கிறார். அங்கே அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்திருப்பார்கள். எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். "அது இஞ்சையில்லை, உங்காலை, வடலியடிப் பக்கம்" என்று அந்த வீட்டு ஆள் ஓட்டோக்காரனுக்குக் கை காட்டியிருக்கிறார்.

எங்கள் ஒழுங்கை முகப்பில் ஓட்டோ நின்றதை நான் கண்டேன். உன் மாமி இறங்கவில்லை. உள்ளே இருந்தபடி போனில் கதைத்துக்கொண்டிருந்தார். யாரோடு என்று அப்போது எனக்குத் தெரியாது. எனக்கு அவரைக் கண்டது சந்தோஷமாக இருந்தது, எடி. கையைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போனேன். "வாங்கோ ரீச்சர்" என்றேன். அவர் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு இறங்கி வந்தார். அதையும் சொல்ல வேண்டும், இறங்கி வந்தார். முற்றத்தில் கதிரையில் இருந்தார்.

அம்மா தேத்தண்ணீர் கொண்டுவந்து பக்கத்து மரவாங்கில் வைத்தா.

"நான் இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்."

"அது பறவாயில்லை, சின்னக் கிளாஸ்தான்" என்றா அம்மா.

"எனக்குச் சீனியும் கூடாது."

"சீனி போடேல்லை."

உன் மாமி கிளாஸைத் தொடவில்லை. என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, ஏன் பொய் சொன்னனீ?"

"நான் என்ன பொய் சொன்னனான் ரீச்சர்? மடத்தடி எண்டு நிமலினிதானே சொன்னவ. நீங்களும் கேட்டுக்கொண்டிருந்தனீங்கள்."

"நீ அவளுக்குச் சொன்னதைத்தான் அவள் எனக்குச் சொன்னவள். இப்பதான் அவளோடை கதைச்சனான். கம்பஸிலையும் நீ அப்பிடித்தான் சொல்லித் திரிஞ்சனியாம். அவள் பாவம், நம்பியிருந்திருக்கிறாள்."

நிமலினி, நான் அந்த வரியைத் திரும்பவும் எழுதுகிறேன். அவள் பாவம், நம்பியிருந்திருக்கிறாள்.

"அவ எங்கடை வீட்டிலை பொங்கலுக்கு நிண்டவ, ரீச்சர். இந்த முத்தத்திலைதான் கோலம் போட்டவ" என்றேன்.

"என்ரை மருமகள் பொய் சொல்லமாட்டாள்" என்றார். சத்தம் போடவில்லை. வகுப்பில் சொல்வதுபோல ஆறுதலாகச் சொன்னார். "எவடமெண்டாலும் நான் சாப்பிட்டிருப்பன் பிள்ளை. நான் அப்பிடியான ஆள் இல்லை. பொய் சொல்லிச் சாப்பிட வச்சதுதான் எனக்கு மனவருத்தம்."

அம்மா வாங்கிலிருந்த கிளாஸைக் காட்டினா. "அப்ப அதைக் குடியுங்கோ, ஆறப்போகுது."

உன் மாமி எழும்பினார். அவருடைய பைக்குள் ஒரு படச்சட்டத்தின் மூலை தெரிந்தது. கூழ் குடித்தபோது றொபின் எடுத்த படம், நானும் அவரும் பிளாவோடு சிரிக்கிறது. அதை எனக்குத் தரத்தான் கொண்டுவந்திருக்கிறார். திரும்பவும் கொண்டுபோனார்.

ஓட்டோ போன பிறகு அம்மா அந்தத் தேத்தண்ணீரைத் தானே குடித்தா. "நல்ல சாயம், வீணாக்கேலாது" என்றா.

அண்ணை இந்தமுறை சிரிக்கவில்லை.

தர்சினி


பேர்கன்
17 மார்ச் 2025

தர்சினி,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

மாமி எடுத்தபோது இங்கே விடியவில்லை. மகள் அழுதுகொண்டிருந்தாள். றொபின் பக்கத்தில், போன் ஸ்பீக்கரில். "உவள் வடலியடியாமே, நீ ஏன் எனக்கு மடத்தடியெண்டனி?" என்று மாமி கேட்டார். றொபின் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் வாயில் வந்தது அதுதான். சொல்லி முடிந்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது.

நீ தனி ஆள், தர்சினி. உனக்குச் சொல்ல இலகு. நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள். நான்தான் பொய் சொன்னேன் என்றால், மாமியையே ஏமாற்றிச் சாப்பிட வைத்தவள் என்று எனக்குக் காலம் முழுக்கப் பெயர். நிரோஜினி அக்கா அதை லண்டன் முழுக்கக் கொண்டுபோவார். உனக்கு அவர்கள் யார்? இனிமேல் காணப்போகிறாயா? உனக்கு அது ஒரு பின்னேரம். எனக்கு அது குடும்பம்.

ஆவணியில் வருகிறோம். அப்போது தனியாக வந்து உன் காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்பேன். றொபினிடம் சொல்லி உங்கள் வள்ளத்தைப் பற்றி இணையத்தில் நல்லதாக எழுதச் சொல்லியிருக்கிறேன். ஒரு ஊர்ப் பெயருக்காக எங்கள் சிநேகிதம் உடையக் கூடாது.

நிமலினி


புத்தூர்
30 மார்ச் 2025

நிமலினி,

றொபின் எழுதியதைப் பார்த்தேன். ஐந்து நட்சத்திரம். "சாப்பாடு வீட்டுச் சாப்பாடு போல" என்று எழுதியிருக்கிறார். எந்த வீடு என்று எழுதவில்லை.

உனக்கு அது ஒரு பின்னேரம் என்றாய். போன கிழமை அரியாலைச் சபையின் வாலிபர் சங்கம் சித்திரை விடுமுறைக்குச் சொல்லிவைத்திருந்த பயணத்தை வேண்டாம் என்றுவிட்டது. "வேறை ஒழுங்கு செய்திட்டம், தம்பி" என்று அண்ணைக்குச் சொன்னார்கள். இரண்டாம் நாள் வேறொருவர் போன் எடுத்தார். அவர் நேரே கேட்டார்: "பேர், ஊர் மாத்திச் சொல்லி ஆக்களை ஏத்திற வள்ளம் உங்கடையோ?"

பார்த்தாயா, வடலியடி என்று அவர் கேட்கவில்லை. சாதியைக் கேட்க இப்போது எல்லோருக்கும் வெட்கம். பொய்காரி என்றால் வெட்கமில்லாமல் கேட்கலாம். நீ அவர்களுக்கு ஒரு நல்ல சொல் எடுத்துக் கொடுத்திருக்கிறாய்.

நான் உன் மாமியைப் பற்றி யோசித்துக்கொண்டே இருக்கிறேன். எவடமெண்டாலும் சாப்பிட்டிருப்பேன் என்றாரே. அது உண்மையாகக்கூட இருக்கலாம். முதல் நாள் பிஸ்கற்றோடு இருந்துவிட்டு, இரண்டாம் நாள் கூழ் மணத்துக்கு மனம் மாறி, பிளாவை நீட்டியிருப்பார் என்று சில நேரம் நினைக்கிறேன். நாலு நாளும் தன் போத்தலைத்தான் பிடித்துக்கொண்டு இருந்திருப்பார் என்றும் நினைக்கிறேன். இரண்டில் எது என்று எனக்கு இனி ஒருநாளும் தெரியவராது. அவருக்கும் தெரியவராது. அவர் சரியாக நடந்துகொள்ள இருந்த ஒரு சந்தர்ப்பத்தையும், நான் அதைப் பார்க்க இருந்த சந்தர்ப்பத்தையும் நீ ஒரே வசனத்தில் எடுத்துக்கொண்டாய். அந்தத் தேத்தண்ணீரை அவர் குடிக்காததுக்குக்கூட இப்போது அவரிடம் ஒரு நல்ல காரணம் இருக்கிறது.

ஆவணியில் வந்து என் காலில் விழ வேண்டாம். எங்கள் முற்றத்தில் யாருக்கும் தெரியாமல் விழுந்துவிட்டு, அரியாலையில் மருமகளாக எழும்புவாய். எனக்கு அது தேவையில்லை.

எனக்குத் தேவையானது ஒன்றுதான். உன் மாமிக்குச் சொல். வீடியோவில், பின்னால் நாலு பேர் இருக்கும்போதே சொல். தர்சினி எனக்குப் பொய் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன் என்று. அவ்வளவுதான் வசனம்.

தர்சினி


புத்தூர்
14 ஏப்ரல் 2025

நிமலினி,

நீ வாசித்துவிட்டாய் என்று நினைக்கிறேன். பதில் வரவில்லை. இன்று வருடப்பிறப்பு. அம்மா உன்னைக் கேட்டா. சுகமாக இருக்கிறாள் என்றேன்.

சொன்னாயா?

தர்சினி


வள்ளத்தில், மண்டான் பக்கம்
22 ஏப்ரல் 2025

நிமலினி,

இதையும் நீ வாசிப்பாய்.

இந்த வருடத்தின் கடைசிப் பயணம் இதுதான். தண்ணீர் வற்றத் தொடங்கிவிட்டது. கரையோரம் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கிறது. இன்னும் கொஞ்ச நாளில் வள்ளத்தை இழுத்துக் கரையில் ஏற்ற வேண்டும். காற்று மாறிவிட்டது, ஆனால் இன்று காலையிலிருந்து நல்ல பிடி. அண்ணை பாயைக் கட்டிவிட்டு, நீ எழுதினாயே, அதேபோலக் கால் விரலால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார். தோடம்பழம்தான் இல்லை. பூநாரைகள் போய்விட்டன. கொக்குகள் நிற்கின்றன. தண்ணீர் வள்ளத்தின் பக்கத்தில் படுகிற சத்தம் மட்டும்தான். நான் கோபமாக இல்லை. இந்த இடத்தில் கோபமாக இருக்க முடியாது, உனக்கும் தெரியும்.

ஏறியிருப்பது சாவகச்சேரிப் பக்கத்து ஒரு குடும்பம். தாய், தகப்பன், இரண்டு பெட்டைகள். வல்லைப் பாலத்துக்குக் கீழே பாய்மரத்தைச் சரித்தோம். எல்லோரும் தலையைக் குனிந்தார்கள். அந்த இடத்தில் என்ன இருக்கிறதோ தெரியாது, அங்கேதான் கேட்பார்கள்.

"தங்கச்சி எவடம்?" என்றா தாய்.

"புத்தூர்."

"புத்தூரிலை?"

"வடலியடி, அக்கா" என்றேன்.

அண்ணை கொஞ்ச நேரம் கயிற்றை இழுக்காமல் நின்றார். பாலத்தைத் தாண்டி வந்தோம். மத்தியானம் சோறும் இறால் குழம்பும். தனக்கு இன்று விரதம் என்றா தாய். தகப்பன் ஆற்றைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். மூத்த பெட்டை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். இளையவள், "அம்மா, உங்களுக்கு இண்டைக்கு என்ன விரதம்?" என்று கேட்டாள். தாய் அவளுடைய வாயைத் துடைத்துவிட்டா. பின்னேரம் அவ எழும்பி வந்து, என் பக்கத்தில் இருந்து, ஒரு தேத்தண்ணீர் கேட்டா. பாதி குடித்தா. மிச்சத்தை என்ன செய்தா என்று நான் பார்க்கவில்லை.

இவ்வளவுதான் நடந்தது. வள்ளம் கவிழவில்லை.

உயிர்த்த ஞாயிறும் முடிந்துவிட்டது. நிரோஜினி அக்கா போட்ட படங்களில் உன் மாமி நடுவில் இருக்கிறார். அந்த வீட்டில் நான் இன்னும் பொய்காரிதான். அதை என்னால் மாற்ற முடியாது. நான் சொல்லிப் பார்த்துவிட்டேன், அம்மாவும் சொல்லிப் பார்த்தா. நீ சொன்னால் மட்டும்தான் அது செல்லும்.

நான் எவடம் என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். மடத்தடி என்று சொன்னது யார் என்று உன் மாமிக்குச் சொல்.

தர்சினி